“பழனிக்குங்களா?”: எங்கள் மிதிவண்டிப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கல் கழிந்த பிறகு, ஏழெட்டுப் பேர் சேர்ந்து மிதிவண்டியில் கொங்கு நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறோம். வீட்டுக்குள்ளும் வேலை செய்யும் இடத்திலும் குழந்தைகளும் பெண்களும் முதியவர்களும் படும் கொடுமைகளைப் பற்றி ஊர் ஊராகப் பேசுவதுதான் நோக்கம். போகிற இடமெல்லாம் அதே கேள்விகள் வருவதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

பழனிக்குங்களா?

இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் தை மாதத்தில் பாதயாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். அவர்களோடு சேர்த்து எங்களையும் நிறுத்தி மோர் கொடுப்பார்கள். “இல்லைங்க” என்றால் “பின்னே எதுக்குங்க இந்த வெயிலில்?” என்பது அடுத்த கேள்வி. எங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது. காரில் வந்து இறங்குகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

இது எப்படித் தொடங்கியது?

ஒரு பையனிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வியிலிருந்து. பள்ளி விட்டதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வருவான். “அண்ணா, பஞ்சர்” என்பான். டியூபைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சுற்றிப் பார்த்தால் ஒரு குமிழி வராது. காற்றை நிரப்பி அனுப்புவேன். மறுநாளும் வந்து நிற்பான். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோதான் கவனித்தேன்: வால்வு டியூபைத் தானே உருவிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். விளையாட்டுப் புத்தி என்று நினைத்துச் சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போடத்தான் என் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்திருந்தான் என்பது வெகுநாள் கழித்து, உறவினர் ஒருவர் அவனை வெளியூருக்கு அழைத்துக்கொண்டு போன பிறகு, வேறொருவர் வாயால் தெரிந்தது. அந்த வீட்டில் யார், என்ன செய்தார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. “ஏன் கண்ணு, வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லையா?” ஐந்தே சொற்கள். கேட்டிருக்கலாம்.

கூட்டம் போட்டுப் பேசினால் போதாதா? மிதிவண்டி எதற்கு?

கூட்டம் போட்டும் பார்த்தோம். முன்வரிசையில் ஊர்ப் பிரமுகர்கள் உட்கார்ந்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், தேநீர் கொடுத்தார்கள். பேசி முடித்ததும் “கேள்வி இருந்தால் கேளுங்கள்” என்றோம். ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? கொடுமை செய்கிறவர் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கலாமே.

மிதிவண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் போகும். தண்ணீர்க் குழாயடியில் நிற்கலாம், ரேஷன் கடை வரிசையில் பேச்சுக் கொடுக்கலாம், பஞ்சர் ஒட்டும் சாக்கில் ஒரு வீட்டு வாசலில் அரை மணி நேரம் உட்காரலாம். கை வேலையாக இருக்கும்போது எதிரில் இருப்பவர் தயங்காமல் பேசுவார். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாததை, டயரைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். என் தொழிலில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இது.

மிதிவண்டிக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்தினார். குவாரியில் கல் உடைத்த பெண்களும் வயல் வேலைக்காரிகளும் ஆயிரக்கணக்கில் ஓட்டிப் பழகினார்கள். பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்திராமல் போக முடிந்தால் ஒரு பெண்ணின் நாள் எப்படி மாறும் என்பதை அந்த மாவட்டம் கண்டது.

எந்த வழியாகப் போகிறீர்கள்?

கோபி, அந்தியூர், பவானி, ஈரோடு, பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி, பல்லடம், திருப்பூர், அவிநாசி, புளியம்பட்டி, சத்தியமங்கலம், மறுபடி கோபி. ஏறத்தாழ 350 கிலோமீட்டர், ஆறு நாள். தேசிய நெடுஞ்சாலையைக் கூடியவரை தவிர்க்கிறோம். லாரிச் சத்தத்தில் பேச முடியாது, உயிருக்கும் நல்லதல்ல.

திசையை மாற்றிச் சுற்றக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கொட்டும் காற்று தை மாதத்தில் கிழக்கிலிருந்து திரும்பி வீசும். அதனால் தையில் தாராபுரத்திலிருந்து பொள்ளாச்சி நோக்கிப் போனால் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது போலிருக்கும். முதல் ஆண்டு இது புரியாமல் ஆடியில் கிளம்பிவிட்டோம். தாராபுரத்திலிருந்து உடுமலைக்கு 40 கிலோமீட்டர்கூட இல்லை. அரை நாளுக்கு மேல் ஆனது. சாலையோரக் காற்றாலைகளும் எங்களைப் போலவே மேற்கே முகம் வைத்து நின்றன. அவற்றுக்கு அது சம்பாத்தியம், எங்களுக்கு மூச்சிரைப்பு. பெடலை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது, இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ இல்லையோ, அறுபது கிலோ சைக்கிள் கடைக்காரன் பறப்பான்.

ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர்தானா? இது நெடும்பயணமா?

கோவையில் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர மிதிவண்டிப் பயணம்) ஓட்டுகிற பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதுவே அவர்கள் வரிசையில் முதல் படிதான். எங்களோடு அப்படி ஒருவர் வந்தார். முதல் நாள் பதினொரு மணிக்கே பெருந்துறை போய்ச் சேர்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார். மாலை நான்கு மணிக்கு நாங்கள் போனோம். “வழியில் யாரிடம் பேசினீர்கள்?” என்று கேட்டேன். யாரிடமும் பேசவில்லை. மறுநாள் முதல் அவரைக் கடைசி ஆளாக வரச் சொன்னோம். இப்போது எங்கள் குழுவில் மிக நன்றாகக் காது கொடுப்பவர் அவர்தான்.

என்ன வண்டி வேண்டும்?

ஓடுகிற வண்டி. அரசுப் பள்ளியில் கொடுத்த மிதிவண்டியில் ஒருவர் இரண்டு முறை முழுச் சுற்றும் வந்திருக்கிறார். கிளம்பும் முன் ஓவராய்லிங் செய்து, வீலுக்குப் பெண்டு எடுத்து, பிரேக் கட்டை மாற்றிக்கொண்டால் போதும். சீட்டின் உயரம் சரியாக இருக்க வேண்டும்: பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். பலருடைய முழங்கால் வலிக்குத் தாழ்ந்த சீட்தான் காரணம். வயதின்மேல் பழி போடுகிறார்கள்.

பஞ்சர் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளுக்கு, அதாவது மேய்ச்சல் காடுகளுக்கு, கிளுவை முள்தான் வேலி. உள்ளே வெள்வேல மரங்கள். வேலி கழித்த நாளில் சாலையோரமெல்லாம் முள் கிடக்கும். டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தை ஒரு பழைய துணியால் துடைத்து வாருங்கள். முள் இருந்தால் துணியைப் பிடித்து இழுக்கும். அவசரத்தில் விரலை விட்டால் விரலைக் கிழிக்கும். முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டவர்கள் அடுத்த இரண்டாவது கிலோமீட்டரில் மறுபடி உட்கார்ந்திருப்பார்கள்.

சாப்பாடு, தங்கல்?

காலையில் கம்மங்கூழோ இட்லியோ, மதியம் கிடைத்தது, இரவு அரிசிம்பருப்புச் சாதம். இடையில் கடலை மிட்டாய், வாழைப்பழம், உப்புப் போட்ட மோர். பொள்ளாச்சிப் பக்கம் இளநீர். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி ஒரு மடக்குக் குடித்துக்கொண்டே வர வேண்டும். தங்குவது கல்யாண மண்டபத்திலும் தெரிந்தவர் வீட்டு ஆசாரத்திலும்.

நிற்கிற இடத்தில் என்ன செய்வீர்கள்?

பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு சீட்டுக் கொடுப்போம். அதில் நான்கு எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, எந்த அவசரத்துக்கும் 112. எல்லாமே கட்டணமில்லாதவை. வேறு எதுவும் அச்சிடவில்லை. முதல் ஆண்டு பெரிய துண்டுப் பிரசுரம் அடித்தோம், கொடுமை வகைகளை எல்லாம் வரிசைப்படுத்தி. அதை மடித்து வைக்கப் பெண்களுக்கு இடமில்லை, வீட்டில் யாராவது பார்த்தால் “இது எதற்கு உனக்கு?” என்று கேள்வி வரும். சின்னச் சீட்டைச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு வைத்துக்கொள்ளலாம்.

ஆண்கள் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். பெண்களில் சிலர் “இன்னொன்று கொடுங்கள், பக்கத்து வீட்டுக்கு” என்பார்கள். பக்கத்து வீடு எது என்று நாங்கள் கேட்பதில்லை.

யாராவது உண்மையிலேயே வாய் திறந்து சொல்லிவிட்டால்?

இதற்குத்தான் நாங்கள் பயிற்சி எடுத்துக்கொள்கிறோம். சைக்கிள் ஓட்டுவதற்கு அல்ல.

குழந்தை என்றால் முதல் வேலை நம்புவது. “நிஜமாகவா?”, “அவரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லையே” என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. அந்த ஒரு சொல்லில் கதவு சாத்திக்கொள்ளும். “நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பு இல்லை” என்று சொல்லுங்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். என்ன நடந்தது என்று ஒரு முறை அது சொன்ன அளவில் போதும். மீதியைக் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள், ஏனென்றால் சொல்லத்தான் போகிறீர்கள். “உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்றால் குழந்தைக்குப் புரியும். நேராகப் போய் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கவும் கூடாது. நீங்கள் வீரம் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். குழந்தை அந்த ஆள் இருக்கும் வீட்டுக்குள்தான் இரவு தூங்க வேண்டும்.

பிறகு 1098. அழைக்கிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. சம்பவம் அண்மையில் நடந்தது என்றால் குழந்தையைக் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். காவல் நிலையக் காகிதம் கொண்டுவந்தால்தான் அவசர சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தைப் போக்சோ என்பார்கள். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடியவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல் வர வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தால், காவல் நிலையம் என்றதும் பெற்றோருக்கு வரும் நடுக்கம் பாதி குறையும்.

ஒரு முறை ஒரு தாய் எங்களிடம் பேசினார். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அவர் மகனின் சைக்கிளுக்கு நான் செயின் போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சை நிறுத்திவிட்டு “என் போனில் இருந்து கூப்பிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும்” என்றார். எங்கள் குழுவில் இருந்த அக்கா தன் போனை நீட்டினார். அந்தத் தாய் தொழுவத்துக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தார், பத்து நிமிடம் இருக்கும். அதற்குள் செயின் வேலை முடிந்துவிட்டது. நான் மறுபடி கழற்றி மறுபடி மாட்டினேன்.

தெரிந்தும் சும்மா இருந்தால் குற்றமா?

18 வயதுக்கு உட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், ஆம். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு யாராக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது நடவடிக்கை எடுக்க முடியாது.

“ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்” என்கிறார்களே?

முடிக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. வாய்க்கால் வரப்புத் தகராறு வேறு, இது வேறு. இருதரப்பும் சமாதானமாகிவிட்டார்கள் என்பதற்காக ஒரு சிறுமியின் பாலியல் வழக்கை ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தவறு என்று தள்ளியது. இது இரண்டு குடும்பங்களுக்கு இடையேயான விவகாரம் அல்ல, சமூகத்துக்கு எதிரான குற்றம் என்பது அதன் கருத்து. “குடும்ப மானம் போய்விடும், நாளைக்குக் கல்யாணம் நடக்குமா?” என்று கேட்பவரிடம் நான் சட்டம் பேசுவதில்லை. மானம் போக வேண்டியது யாருக்கு என்று மட்டும் கேட்பேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

தெரியாத ஆட்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னால் போதாதா?

போதாது. மிட்டாய் கொடுத்துக் கடத்துகிறவனைப் பற்றியே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். ஆண்டுதோறும் வரும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையைப் பாருங்கள்: போக்சோவில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் செய்தவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், பாடம் சொல்லித் தருபவர், வீட்டுக்கு வந்து போகிறவர். “மாமாவுக்கு முத்தம் கொடு” என்று பிள்ளையை நெட்டித் தள்ளாதீர்கள். பிடிக்கவில்லை என்று அது விலகினால் விட்டுவிடுங்கள். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆண் பிள்ளைகளுக்குமா இப்படி நடக்கும்?

நடக்கும். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒருவகைப் பாலியல் தொந்தரவுக்கு உள்ளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். அதில் சரிபாதிக்கும் சற்று மேலே ஆண் பிள்ளைகள். போக்சோ சட்டமும் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. “ஆம்பளைப் பையன் அழுவானா?” என்று கேட்கும் ஊரில் அவன் எங்கே போய்ச் சொல்வான்? சைக்கிள் கடைக்கு வருவான்.

கணவன் மனைவி சண்டையில் வெளியாள் தலையிடலாமா?

அடி விழுந்தால் அது சண்டை அல்ல. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிப்பதோடு நிற்கவில்லை. இழிவாக ஏசுவதையும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதையும், செலவுக்குப் பணம் தராமல் வைப்பதையும் வன்முறை என்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேராகவோ நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்கலாம். சட்ட உதவி இலவசம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு 181.

வெளியாள் செய்யக்கூடியது இன்னொன்றும் இருக்கிறது. சத்தம் கேட்கும் நேரத்தில் கதவைத் தட்டி “கொஞ்சம் உறைமோர் இருக்குங்களா?” என்று கேட்பது. ஓங்கிய கை அந்த நேரத்துக்காவது இறங்கும். சென்னிமலைப் பக்கத்தில் ஒரு பாட்டி இதைச் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தெருவில் உறைமோர் கேட்டே ஒரு மருமகளைக் காப்பாற்றியதாகச் சொன்னார். இதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். பாட்டியின் மீது சந்தேகமில்லை.

மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்யும் பெண்களைச் சந்திப்பீர்களா?

சந்திக்க முயல்கிறோம். சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இந்தப் பக்கத்து நூற்பாலைகளில் ஓடியது ஊருக்கே தெரியும். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது பேச்சு. இடையில் உடம்புக்கு முடியாமல் போனால் அந்தத் தொகை போய்விடும் என்ற பயத்தில் பெண்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மில் முதலாளி எங்கள் எல்லோருக்கும் பெயர் பொறித்த சட்டை தருவதாகச் சொன்னார். நல்ல துணி, வியர்வை ஒட்டாது. விடுதிப் பெண்களிடம் ஒரு மணி நேரம், மேற்பார்வையாளர் இல்லாமல், எங்கள் பெண்கள் பேச வேண்டும் என்று கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் பழைய சட்டையிலேயே ஓட்டுகிறோம்.

மில்லுக்குள் விடாவிட்டால் மாலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்போம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழு இல்லாத சிறு பட்டறை என்றால், அல்லது முதலாளிமீதே புகார் என்றால், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பது முக்கியம். இந்த மூன்று மாதக் கெடு பலருக்குத் தெரியாது.

முதியவர்களை எதற்குச் சேர்த்தீர்கள்?

நாங்கள் சேர்க்கவில்லை, அவர்களாகச் சேர்ந்தார்கள். பகலில் திண்ணையில் இருப்பவர்கள் அவர்கள்தானே. தோட்டத்தை மகன்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மாட்டுச் சாளையில் கட்டில் போட்டுப் படுத்திருந்த ஆத்தா ஒருவர் இரண்டு சீட்டு வாங்கினார். “ஒன்று எனக்கு, ஒன்று இவனுக்கு” என்று வீட்டுப் பக்கம் கை காட்டினார், “அவனுக்கும் வயசாகுமில்லையா?”

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம். கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, அவர்கள் கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். அதனால் எழுதிக் கொடுக்கிறவர்கள் அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். மகன் நல்லவன் என்றால் அந்த வரி அவனை உறுத்தாது.

உங்களை எப்படி நம்புவது? குழந்தைகளோடு பழக வருகிறவர்களிலேயே கெட்டவர்கள் இருக்கிறார்களே?

மிகச் சரியான கேள்வி. எங்களை நம்பாதீர்கள். எங்களில் யாரும் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. எப்போதும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். பள்ளி என்றால் ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும். குழந்தையின் போன் எண் வாங்கக் கூடாது, நம் எண்ணையும் கொடுக்கக் கூடாது, 1098 போதும். இதை ஒருமுறை மீறியவரை அன்றைக்கே பஸ் ஏற்றிவிட்டோம், அவர் சைக்கிளையும் பஸ்ஸின் மேலே போட்டு. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். நாங்கள் நோக்கத்தை விசாரிக்கவில்லை.

படம் எடுக்கலாமா?

மலையை எடுங்கள், காங்கேயம் காளையை எடுங்கள், என் தொப்பையை எடுங்கள். பேசவந்த பெண்ணையும் குழந்தையையும் எடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி எதையும் வெளியிடுவது போக்சோவின் 23ஆம் பிரிவின்படி குற்றம். வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வெளியிடுவதுதான்.

பெண்கள் வரலாமா? எத்தனை வயது?

பெண்கள் இல்லாமல் நாங்கள் கிளம்புவதே இல்லை. 18 வயது முடிந்திருக்க வேண்டும். மேல் வரம்பு இல்லை. சென்ற முறை வந்தவர்களில் மூத்தவருக்கு 67, ஓய்வு பெற்ற செவிலியர். ஹெல்மெட், பின்விளக்கு கட்டாயம். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை.

நன்கொடை வாங்குவீர்களா?

இல்லை. மோர் வாங்குவோம்.

“அன்பாக இருங்கள்” என்று சொல்வதற்கு இவ்வளவு பாடா?

அப்படி நாங்கள் எங்கும் சொல்வதில்லை. அன்பாக இருங்கள் என்றால் எல்லோரும் “ஆமாம்” என்றுதான் சொல்வார்கள், அடிக்கிறவரும் சேர்த்து. அதனால் சின்னதாக ஏதாவது கேட்கிறோம். டீக்கடையில் மேசை துடைக்கும் பையனை “டேய்” என்று கூப்பிடாமல் பெயர் கேட்டுக் கூப்பிடுங்கள். வடக்கிலிருந்து வந்து தறியிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்யும் குடும்பத்தின் குழந்தை தெருவில் தனியே நின்றால் என்ன என்று கேளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் கேட்கலாம். இந்த மண்ணில் மரியாதைக்குப் பஞ்சமில்லை, வாய்க்கு வாய் “ங்க” போடுகிறோம். அந்த “ங்க” மனைவிக்கும் மருமகளுக்கும் பண்ணையாளுக்கும் வருகிறதா என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

இத்தனை ஆண்டில் என்ன மாறியது?

கணக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. சீட்டு வாங்கியவர் அழைத்தாரா என்பது எங்களுக்குத் தெரிய வராது, தெரிய வரவும் கூடாது.

பொள்ளாச்சியைக் கடக்கும்போது மட்டும் மாற்றத்தை உணர்ந்தேன். 2019இல் பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கு வெளியே வந்த பிறகு நாங்கள் அங்கே போனபோது, பேச்சை எடுத்தாலே “எங்கள் ஊர்ப் பெயரைக் கெடுக்காதீர்கள்” என்றார்கள். 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சி சொன்னவர்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று செய்தி வந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு போனபோது, சந்தைக்கு எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் தானாகவே அந்தப் பேச்சை எடுத்தார். “அந்தப் பொண்ணுங்க நின்னாங்க பாருங்க” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, காசும் வாங்கவில்லை.

கடை எப்போது திறந்திருக்கும்?

பயணம் போகும் ஆறு நாள் தவிர, காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை. ஞாயிறு அரை நாள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பஞ்சர் பார்க்கக் காசு இல்லை. தண்ணீரில் குமிழி வராவிட்டாலும் பலகையில் உட்காரலாம்.